ஃபூஜியனில் பத்து நாட்கள்

மணலி புதுநகரில் குடியிருப்போர்க்குச் சீன தேசம் அத்துணைத் தொலைவில் இல்லை. விடியற்காலையில் பால் வாங்கச் சாலையோரம் நின்றாலே போதும். துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாய்க் காத்து நிற்கும். அவற்றின் இரும்புச் சுவர்களில் நமக்கு விளங்காத சீன எழுத்துக்கள் ஆளுயரத்தில் எழுதப்பட்டிருக்கும். முப்பதாண்டுக் காலம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய நான் அவ்வெழுத்துக்களைப் படிக்கக் கற்றேனில்லை. பெட்டியின் எண்ணைக் குறித்துக் கொள்வதோடு என் வேலை முடிந்தது. அப்பெட்டிகள் புறப்பட்டு வரும் கரையை ஒருநாள் நேரில் காண்பேன் என்று கனவிலும் கருதியதில்லை.

எங்கள் மூத்த மகனுக்குச் சீனத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள சியாமென் நகரில் வேலை. கப்பல் பழுது பார்க்கும் தொழில். சென்ற நவம்பர் மாதம் என்னையும் என் துணைவியாரையும் அங்கு அழைத்துக் கொண்டான். கோலாலம்பூர் வழியாக விமானப் பயணம். தங்கியது பத்து நாட்கள். அப்பத்து நாட்களில் கண்டவற்றுள் நம் பங்குக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை என்று என் மனத்தில் பட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அவற்றுள் ஒன்று நமக்குப் பெருமை தருவது, மற்றொன்று அவ்வாறானதன்று.

ஃபூஜியன் மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டினும் சற்றே சிறியது. கிழக்கே கடல், அதற்கு அப்பால் தைவான் தீவு. ஏனைய திசைகளில் எல்லாம் மலை. பத்தில் எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்று அம்மக்களே தங்கள் நாட்டைக் கூறிக் கொள்வதுண்டு. உழுவதற்கு நிலமில்லாதவன் கடலை நாடுவான் அன்றோ? அவ்வாறு நாடியவர்களின் வழித்தோன்றல்களே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெருந்திரளாய் வாழும் ஹொக்கியன் சீனர்கள். அவ்வூர்களில் நம் தமிழர்க்கு அண்டை வீட்டார் இவர்களே.

தே பிறந்த நாடு

இங்குள்ளோர் தேயிலையைத் ‘தே’ என்று சொல்லக் கேட்டதும் என் துணைவியார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். “ஏங்க, நம் சொல்லை இவர்கள் சொல்கிறார்களே!” என்றார். உண்மை நேர்மாறானது. சீனத்தின் பெரும்பகுதியில் அதற்குச் ‘சா’ என்று பெயர். சியாமென் வட்டாரப் பேச்சில் மட்டும் ‘தே’. இக்கரையிலிருந்து டச்சுக்காரர் கப்பலேற்றிச் சென்ற அச்சொல்லே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் புகுந்தது. நாமும் அதனோடு ‘இலை’யைச் சேர்த்து நம்முடையதாக்கிக் கொண்டோம். ஆயினும் பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தத் தேநீர் என் துணைவியாருக்குக் கடைசி நாள் வரை ஒப்பவில்லை. அது கஷாயம் என்பதே அவருடைய முடிந்த தீர்ப்பு.

மாநிலத்தின் வடக்கே வூயி மலை இருக்கிறது. புகழ்மிக்க தேயிலைகள் விளையும் மலை. ஒன்பது வளைவுகளாகச் செல்லும் அதன் ஆற்றில் மூங்கில் தெப்பமேறிப் போவது காணத்தக்க காட்சி என்பர். 12-ஆம் நூற்றாண்டில் சூ சி என்னும் பேரறிஞர் மாணாக்கர்க்குக் கன்பூசிய நெறியைக் கற்பித்த இடமும் அதுவே. 1999-இல் உலக மரபுச் சின்னமாக அது ஏற்கப்பட்டது. அங்குச் செல்ல என் முழங்கால்கள் இசையவில்லை. ஆதலால் அதைப்பற்றி எழுத எனக்கு உரிமையுமில்லை.

சியாமென் நகரின் எதிரே, படகில் ஏறினால் சில நிமிடங்களில் அடையும் சிறு தீவு குலாங்சு. அதன் பரப்பு 2 சதுர கிலோமீட்டர் கூட இராது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, எங்கும் நடைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாட்டவரும் வாழ்ந்த குடியேற்றமாக இது விளங்கியது. வேதபோதகர்கள் கொண்டு வந்த பியானோவை இத்தீவினர் உள்ளன்போடு பற்றிக் கொண்டனர். இன்று பியானோவுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இங்கே உண்டு. 1917-இல் கோதிக் பாணியில் கட்டப்பெற்ற நம் கத்தோலிக்க ஆலயம், வெண்ணிறத்தில், உயர்ந்த முகப்போடு ஒரு சரிவான தெருவில் நிற்கிறது. நாங்கள் சென்ற வேளையில் கதவு சாத்தியிருந்தது. படியிலேயே நின்று ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மலைப்பக்கம் சென்று ‘துலௌ’ என்னும் மண் மாளிகைகளைக் கண்டோம். இவை நம் நாட்டில் எங்கும் காணாத அமைப்புடையவை. ஒரு கோட்டை போல வட்டமாக எழும் தடித்த மண் சுவர். மூன்று அல்லது நான்கு, சிலவற்றில் ஐந்து மாடிகள். உள்ளே நுழையப் பெரிய வாயில். கீழ்ப் பகுதியில் வெளிப்புறச் சன்னலே இல்லை. கொள்ளையர்க்கு அஞ்சிக் கட்டியவை அல்லவா! உள்ளே முற்றத்தைச் சூழ்ந்து ஒரே குலத்தாரின் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரு நெடுக்குப் பத்தி: தரையில் அடுக்களை, அதன்மேல் தானியக் களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். நடுவில் முன்னோரை வணங்கும் கூடம். 1709-இல் முடிந்த ‘செங்சி’ மாளிகையில் ஒன்றனுள் ஒன்றாக நான்கு வட்டங்கள். ஏறத்தாழ 400 அறைகள். கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்று வருந்தும் நாம் இதனைக் கண்டால் பெருமூச்சு விடுவோம். ஆனால் இப்போது அங்கே பெரும்பாலும் முதியோரே இருக்கின்றனர். பிள்ளைகள் சியாமெனிலும் அதற்கு அப்பாலும் வேலை பார்க்கின்றனர். அந்த மட்டில் அது நம் ஊரைப் போன்றதே.

சைத்தூன்

ஆறாம் நாள் சியாமெனிலிருந்து ரயிலேறி வடகிழக்கே சென்றோம். ஒரு மணி நேரத்திற்குள் சுவான்சௌ வந்துவிட்டது. பயணத்தில் நான் காண விரும்பிய ஊர் இது ஒன்றே. ஏனையவை வழியில் கிடைத்தவை.

சுவான்சௌ என்று சொன்னால் நமக்கு ஒன்றும் தோன்றாது. அராபிய வணிகரும் ஐரோப்பியப் பயணிகளும் அதனைச் ‘சைத்தூன்’ என்றழைத்தனர். சுங் அரசர் காலத்திலும் அதன்பின் மங்கோலியர் ஆட்சியிலும், அதாவது 10-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை, உலகின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்று அது. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் இங்கே நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதினார். சரக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் அந்த நூறு என்னும் எண்ணை நான் முழுதும் நம்பமாட்டேன். ஆயினும் அவர் கண்ட வியப்பு பொய்யன்று. 2021-இல் இந்நகரின் 22 இடங்கள் ஒருசேர உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் வரலாறு பயிலும் ஒரு மாணவி. என் மகனோடு வேலை பார்ப்பவரின் தங்கை. ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். முதலில் எங்களைக் கையுவான் பௌத்த ஆலயத்துக்கு அழைத்துச் சென்றாள். 686-இல் நிறுவப்பட்ட ஆலயம் அது. இருபுறமும் இரண்டு கற்கோபுரங்கள்; கிழக்கிலுள்ளது 48 மீட்டர் உயரம். 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இவை 1604-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திலும் அசையவில்லை. அவற்றை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்த என்னை அம்மாணவி கையசைத்துக் கூப்பிட்டாள். “ஐயா, உங்களுக்குரியது பின்பக்கம் இருக்கிறது!”

பெரிய மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் இரண்டு கருங்கல் தூண்கள். ஒரு கணம் காஞ்சிபுரத்தில் நிற்கிறேனோ என்று மயங்கினேன். பட்டை பட்டையாகச் செதுக்கிய தூண், இடையிடையே தாமரை, வட்டத்துக்குள் கண்ணன், நரசிங்கம், முதலையின் வாயினின்று மீட்கப்படும் யானை. மண்டபத்தின் அடித்தளத்தில் மனித முகம் கொண்ட சிங்கங்கள் வரிசையாக. சீனச் சிற்பிகள் செதுக்கினரோ தமிழகச் சிற்பிகளே செதுக்கினரோ, அமைப்பும் கதையும் சோழநாட்டுக் கோவிலுக்குரியவை. இவ்வூரில் தமிழ் வணிகர் கட்டியிருந்த கோவில் 14-ஆம் நூற்றாண்டின் கலகங்களில் அழிந்தபின், மிங் அரசர் காலத்தில் இம்மண்டபத்தைப் புதுப்பித்தோர் அதன் கற்களை எடுத்து இங்கே நிறுத்திவிட்டனர்.

அந்த வணிகர் யார் என்பதற்குக் கல்லே சான்று. 1956-இல் இந்நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டில் மேலே தமிழ், கடைசி வரி சீனம். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. தவச்சக்கரவர்த்தி எனப்பட்ட சம்பந்தப்பெருமாள் என்பவர் செகசை கானின் உடல்நலத்தின் பொருட்டு, அவருடைய ஆணைப்படி, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. செகசை கான் என்பது குப்ளாய் கானையே குறிக்கும் என்பர் அறிஞர். அக்கல் இப்போது சியாமென் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பும் முன் அதனையும் பார்த்தேன். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்தை என்னால் முழுதும் கூட்டிப் படிக்க இயலவில்லை. தட்டுத்தடுமாறி ஒன்றிரண்டு எழுத்துக்களை அடையாளம் கண்டபோது தொண்டை அடைத்துக் கொண்டது. நாம் வணங்கும் தெய்வமன்று. ஆயினும் கடல் கடந்து போன நம்மவன் ஒருவன், தன் தாய்மொழியில், தனக்கு இடம் கொடுத்த அந்நிய அரசனுக்காக வேண்டிக் கொண்டதன் அடையாளம் அது.

நகரையடுத்த சேதியன் என்னும் சிற்றூரில் ஒரு சிறு கோவில் இருக்கிறது. அதிலுள்ள நான்கு கைகளுடைய பெண் தெய்வச் சிலை தமிழ் வணிகரின் கோவிலிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஊரார் அதனைக் கருணையின் வடிவாகிய குவான்யின் என்று எண்ணி ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று அவர்கள் ஆராய்வதில்லை.

பெலவேந்திரரின் கல்

அன்று பிற்பகல் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். அதன் கூடங்களில் இந்நகரில் வாழ்ந்து மடிந்த அந்நியரின் கற்கள் அணியணியாக நிற்கின்றன. அரபு எழுத்துப் பொறித்த கல்லறைகள், சிரிய எழுத்துடைய நெஸ்தோரியக் கிறிஸ்தவர் கற்கள், தமிழர் கோவிலின் விஷ்ணு உருவம், லிங்கத்துக்கு மலர் சூட்டும் யானை. அவற்றினிடையே அளவில் சிறியதாய், மேற்பகுதி வளைந்ததாய் ஒரு கல். தாமரை மலர்மேல் ஒரு சிலுவை. அதை ஏந்தி இருபுறமும் இரு வானதூதர். கீழே தேய்ந்து மங்கிய இலத்தீன் எழுத்துக்கள். சைத்தூன் நகரின் ஆயர், பெருஜியா ஊரினராகிய அந்திரேயா என்னும் பிரான்சிஸ்கன் துறவியின் கல்லறைக் கல் அது. மரித்த ஆண்டு 1332 என்று படித்திருக்கின்றனர். அந்திரேயாவை நம் முன்னோர் பெலவேந்திரர் என்றழைத்தனர். எங்கள் தெருவிலேயே இரண்டு பெலவேந்திரன்கள் இருக்கின்றனர்!

இத்துறவியர் வரலாறு மயிலாப்பூரிலிருந்து தொடங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சீனத்துக்குச் சென்ற முதற் கத்தோலிக்கக் குருவாகிய மோந்தே கொர்வினோ யோவான் 1291-இல் பாரசீகத்தை விட்டுப் புறப்பட்டார். வழியில் புனித தோமையாரின் ஆலயமுள்ள நம் நாட்டில் 13 மாதங்கள் தங்கினார். பல இடங்களில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஞானஸ்நானம் வழங்கினார். உடன்வந்த தோமினிக்கன் சபைத் துறவி பிஸ்தோயா நிக்கோலாஸ் இங்கேயே இறந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இவற்றையெல்லாம் 1305 ஜனவரியில் பீக்கிங் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் யோவானே குறிப்பிடுகிறார். சீனத்தின் கதவைத் தட்டிய கை, அதற்கு முன் நம் மயிலாப்பூர்க் கடற்கரையில் ஓராண்டுக்கு மேல் செபமாலை போல நாட்களை எண்ணிக் கொண்டிருந்தது.

திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் 1307-இல் அவரைப் பேராயராக்கி, அவருக்குத் துணையாக ஆயர் எழுவரை நியமித்தார். சீனம் வந்து சேர்ந்தவர் மூவரே. அம்மூவருமே ஒருவர்பின் ஒருவராகச் சைத்தூனில் ஆயர்களாயினர்: ஜெரார்து, பெரெக்ரின், இறுதியில் அந்திரேயா. நகரில் ஆலயத்தைக் கட்டிக் கொடுத்தவர் செல்வம் மிக்க ஓர் அர்மீனியப் பெண்மணி. அந்திரேயா ஊருக்கு வெளியே ஒரு சோலையில் இன்னோர் ஆலயமும், துறவியர் இருபது பேர் தங்குவதற்குரிய இல்லமும் கட்டினார். பேரரசர் அவருக்கு மானியம் அளித்தார். அது ஆண்டுக்கு நூறு பொன் ஃப்ளோரின் பெறும் என்று ஜெனோவா வணிகர் கணக்கிட்டதாக அவரே எழுதுகிறார். 1326 ஜனவரியில் தம் சொந்த ஊர் மடத்துக்கு அவர் எழுதிய அக்கடிதத்தில், தம்மோடு நியமனம் பெற்றோர் எல்லாரும் ஆண்டவரிடம் சென்றுவிட்டனர், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாகவும், தலை நரைத்ததன்றி முதுமையின் வேறு குறை தமக்கில்லை என்றும் தெரிவிக்கிறார். இந்நாட்டில் எந்த இனத்தாரும் தத்தம் சமயப்படி வாழத் தடையில்லை என்பதையும் வியந்து கூறுகிறார். யூதரும் இஸ்லாமியரும் ஒருவரும் மனந்திரும்பவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. மிகையின்றிக் கணக்குக் காட்டும் இத்தகைய கடிதத்தை வாசிப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

1321-இல் பம்பாய் அருகிலுள்ள தானாவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் வேதசாட்சிகளின் எலும்புகளையும் ஓதோரிக் என்னும் துறவி கப்பலில் சுமந்து, தோமையாரின் கல்லறையுள்ள நம் கரை வழியாகவே சைத்தூனுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். 1340-களில் திருத்தந்தையின் தூதராக வந்த மாரிஞ்ஞோலி யோவான் இங்கே மூன்று ஆலயங்களைக் கண்டார். திரும்பும் வழியில் மயிலாப்பூரையும் தரிசித்தார். பின்னர் மங்கோலிய ஆட்சி 1368-இல் வீழ்ந்தது. சைத்தூன் திருச்சபையும் மறைந்தது. எலும்புகளும் இல்லை, ஆலயங்களும் இல்லை. எஞ்சியது இந்த ஒரு கல்.

பிற்காலத்தில் ஃபூஜியனில் திருச்சபை மீண்டும் வேரூன்றியது. சீனத்தின் முதல் வேதசாட்சியாகப் போற்றப்படும் பிரான்சிஸ் கப்பியாஸ் 1648-இல் உயிர் நீத்தது இம்மாநிலத்தின் ஃபூஆன் நகரில். சீனர்களுள் முதன்முதல் ஆயர் பட்டம் பெற்ற கிரகோரி லோ பிறந்ததும் அவ்வூரின் பகுதியிலேயே. அவ்வரலாறு தனியே எழுதத்தக்கது.

ஆயரின் கல்லருகே முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தோம். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்ததும் அம்மாணவி இயல்பாகக் கேட்டாள்: “உங்கள் கோவில் கல்லும் உங்கள் ஆயர் கல்லும் எங்களிடம் இருக்கின்றன. எங்கள் கல் ஏதேனும் உங்கள் ஊரில் உண்டா, ஐயா?”

நான் நகைத்து மழுப்பினேன். கொச்சியில் சீனவலை உண்டு, எங்கள் அடுக்களையில் சீனச்சட்டி உண்டு, தீபாவளிக்குச் சீனவெடி உண்டு என்றேன். அவளும் சிரித்தாள். என் துணைவியார் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவருக்கு நான் எதையோ விழுங்குவது தெரியாதா?

பாலத்தின் மேல்

மாலையில் லோயாங் பாலத்துக்குச் சென்றோம். ஆறு கடலோடு கலக்குமிடத்தில் 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட கற்பாலம்; நீளம் 700 மீட்டருக்கு மேல். நகர ஆளுநர் சாய் சியாங் என்பவரின் முயற்சி. ஓதமும் வெள்ளமும் மோதும் முகத்துவாரத்தில் அடித்தளம் எவ்வாறு நின்றது? முதலில் ஆற்றின் குறுக்கே கற்களைக் கொட்டி ஒரு நீண்ட திட்டு உண்டாக்கினர். கற்களின்மேல் சிப்பிகளை வளரவிட்டனர். சிப்பிகள் கல்லோடு கல்லை ஒட்டிப் பிணைத்துவிட்டன! அதன்மேல் படகின் முனைபோல் கூர்மையான தூண்களை எழுப்பினர். இன்றும் ஓதம் வற்றும்போது தூண்களைச் சுற்றிச் சிப்பிகள் வெண்மையாய்ப் படர்ந்திருக்கக் காணலாம். ஊர்ப்பெண்கள் சேற்றில் இறங்கிச் சிப்பி பெயர்த்துக் கொண்டிருந்தனர். எண்ணூர்க் கழிமுகத்தில் நம் பெண்கள் அவ்வாறு இறங்குவதை நினைத்துக் கொண்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படிந்து கழி முழுதும் கறுத்ததையும் நினைத்துக் கொண்டேன்.

பாலத்தின் நடுவே அமர்ந்து அம்மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். என் பள்ளிப் பருவத்தில் வரலாறு கற்பித்த ஒரு சேசு சபைக் குருவானவர் மறைக்காமல் எங்களுக்குக் கூறியது அது.

நாகப்பட்டினத்தில் ஒரு செங்கற் கோபுரம் இருந்தது. இந்தச் சுவான்சௌவிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான் என்பவர், 1349-இல் முடித்த தம் பயண நூலில் நம் கரையிலுள்ள ஒரு செங்கற் கோபுரத்தைப் பற்றி எழுதுகிறார். 1267-ஆம் ஆண்டு முடிந்தது என்னும் பொருள்படச் சீன எழுத்து அதில் பொறித்திருந்ததாம். நாகப்பட்டினத்தில் ‘புதுவெளிக் கோபுரம்’ என்று ஊரார் அழைத்ததும், ஐரோப்பியர் ‘சீனப் பகோடா’ என்றதும் அதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. கடலோடிகளுக்கு அது கரை காட்டும் அடையாளமாயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மூன்று நிலைகளோடு சிதைந்து நின்ற அதனை, 1846-இல் சர் வால்டர் எலியட் பார்த்து வருணித்து வைத்தார். அப்போது அவ்விடம் நம் சேசு சபையினர் வசம் வந்திருந்தது. கல்லூரிக் கட்டடத்துக்கு வேண்டி, பாழடைந்த கோபுரத்தை இடிக்க அவர்கள் இசைவு கேட்டனர். சில ஆண்டுகள் தயங்கிய அரசாங்கம் 1867-இல் இசைந்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. எழுந்த ஆண்டு 1267. விழுந்த ஆண்டு 1867.

அக்கல்லூரியே பின்னர் 1883-இல் திருச்சிக்கு மாறி, இன்றளவும் தமிழகத்துக்குக் கல்வி ஊட்டும் புனித சூசையப்பர் கல்லூரி. அங்குப் படித்தோர் நம் குடும்பங்களிலேயே பலர். அத்துறவியரின் தியாகத்தை நான் அறிவேன். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. அக்காலத்தில் ஒரு பாழ்ங்கோபுரம் எவர் கண்ணுக்கும் செங்கல் குவியலாகவே பட்டிருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் அம்மாணவி கேட்ட கேள்விக்கு ‘உண்டு’ என்று விடை கூறும் வாய்ப்பு நமக்கு இருந்தது. அதை நாமே அழித்தோம். வேறெவரும் அல்லர், நம் வீட்டார்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கள் ஆயரின் கல்லை எங்கே கண்டெடுத்தார்கள் தெரியுமா?” என்று கேட்டாள். “நகர மதிலை இடித்தபோது. 1946-இல். எங்கள் முன்னோர் அதை மதிலுக்குக் கல்லாகப் போட்டிருந்தார்கள். கோவில் கற்களும் பல அப்படித்தான் கிடைத்தன. மதில் இடிந்ததால் அவை தப்பின. உங்கள் கோபுரத்துச் செங்கற்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளே இருக்கலாம் அல்லவா?”

இதற்கு என்ன சொல்வது? என் துணைவியார் பையிலிருந்து முறுக்கை எடுத்து அவளிடம் நீட்டினார். மூவரும் ஓதம் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியபின் பேரப்பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். நாகப்பட்டினத்தில் அக்கோபுரத்தைச் சுற்றிய பகுதியில் 1856 முதலாகக் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350; அவற்றுள் பல இங்கே இருக்கின்றன. ‘இது யாருடைய சாமி, தாத்தா?’ என்று இளையவன் கேட்டான். ‘நம் ஊருக்கு விருந்தாய் வந்தவர்களுடையது’ என்றேன்.

செப்டம்பரில் வழக்கம் போல வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்படுவோம். எங்கள் பங்கிலிருந்து ஆண்டுதோறும் செல்லும் கூட்டம் நாகப்பட்டினத்தைக் கடந்தே போகும். பேருந்தினின்று இறங்கிய நினைவு எனக்கில்லை. இவ்வாண்டு ஒருநாள் முன்னதாகவே போய் இறங்கி, புதுவெளிக் கோபுரம் நின்ற இடம் எது என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்க எண்ணியிருக்கிறேன். உடன் வருவதாக என் துணைவியாரும் சொல்லியிருக்கிறார். இடத்தைக் கண்டால் ஒரு படம் எடுத்து அம்மாணவிக்கு அனுப்ப வேண்டுமாம்.